சிற்றிடையும் பசியும்: உடலழகுக் கருத்துநிலையின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்ச் செய்யுள் மரபிலே பெண்ணின் இடையைப் போன்று ஓயாது புகழப்பட்ட உறுப்பு பிறிதொன்றில்லை எனலாம். கொடி, துடி, மின்னல், நூல் என உவமைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, ஈற்றில் அப்படியொன்று உண்டோ இல்லையோ என்னும் ஐயத்திற்கே இடை ஆளாக்கப்பட்டது. இவ்வருணனைகளை அணியிலக்கணத்தின் எல்லைக்குள் நிறுத்தி நயங்காண்பதே பண்டித மரபினரின் வழக்கம். அவ்விடைக்கு உரியவள் அன்று என்ன உண்டாள், எத்துணை உண்டாள், அவளுடைய அடுப்பு எரிந்ததா என்ற வினாக்கள் நயங்காண்போர் நாவில் எழுந்ததில்லை.

அவ்வினாக்களை இன்று எழுப்ப வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே, படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்களிடையே, உணவைக் குறைத்து உடலை மெலியச் செய்வதா, அன்றி உள்ள உடலை உள்ளவாறே ஏற்றுக்கொள்வதா என்ற இருதலைப் போராட்டம் இப்போது வெளிப்படையாகவே பேசப்படுகின்றது. திருமணப் பேச்சிலும், சேலைக் கடையிலும், மருத்துவரின் அறையிலும், கைத்தொலைபேசித் திரையிலும் அது வெவ்வேறு குரல்களில் ஒலிக்கின்றது. இதனைத் தனிப்பட்ட ஒருத்தியின் மனவுறுதி சார்ந்த விடயமாகவோ, மேனாட்டு நாகரிக மோகமாகவோ கொண்டு ஒதுக்கிவிடுவது எளிது. இவ்விரண்டு விளக்கங்களும் ஒரே தவற்றைச் செய்கின்றன. உடல் பற்றிய கருத்து எந்த உற்பத்தி உறவுகளிலிருந்து முளைக்கின்றது என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

முதலில் நமது பழைய நூல்களையே நோக்குவோம். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் பாடினியின் கேசாதிபாத வருணனை இடம்பெறுகின்றது. பிற்காலக் காப்பியப் புலவர்கள் விரித்து வளர்த்த வருணனை முறைக்கு அது ஒரு மூலமாதிரி எனலாம். அங்கே இடையானது உண்டென்று பிறர் உணரவியலாத அளவுக்கு நுண்ணியதாய் வருந்துகின்றது. ஆனால் அதே பாட்டிலே, அப்பாடினி சேர்ந்திருக்கும் கலைஞர் கூட்டம் எத்தகையது? பேன் குடியேறி, வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த கந்தையை உடுத்த கூட்டம் அது. கரிகாலனின் வாயிலை அடைந்த பின்னர் அவர்கள் ஊனைத் தின்று தின்று, கொல்லை நிலத்தை உழுத கொழுவைப் போலப் பற்கள் மழுங்கினவாம். உண்டு தெவிட்டியதை ஒரு புலவன் இத்துணை வியப்போடு பாடுவது, உண்ணாதிருந்த நாட்கள் எத்தனை என்பதற்குச் சான்றாகும். நுண்ணிடையும் கந்தையும் ஒரே கூட்டத்தின் உடைமைகள். வருணனைப் பகுதியில் அழகாகப் பேசப்பட்டதே வறுமைப் பகுதியில் துன்பமாகப் பேசப்படுகின்றது. பகுதிகள் வேறு, உடல் ஒன்றே.

இது நமது வலிந்த பொருள்கோள் என்று எவரேனும் கருதுவாராயின், அவர் சிறுபாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்ப்பாராக. நல்லூர் நத்தத்தனார் அங்கே ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. பாணனின் பாழ்பட்ட அடுக்களையில் கிணைமகளொருத்தி நிற்கின்றாள். அவளுடைய இடையும் நுண்ணியதே. ஆனால் அது பசியால் ஒடுங்கி நுண்ணிதாயிற்று என்று புலவரே காரணங் கூறுகின்றார். அவள் குப்பையிலே முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைக்கின்றாள். புறங்கூறுவோர் காணலாகாதென நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ணுகின்றாள். இதே பாட்டின் முற்பகுதியில் விறலியர் அங்கம் அங்கமாக வருணிக்கப்படுகின்றனர் என்பதை மறந்துவிடலாகாது. ஓர் இலக்கியத்தின் இரண்டு பக்கங்களில், ஒரு பக்கம் புரவலன் கண்கொண்டு நோக்கியது. மற்றப் பக்கம் அடுக்களைக்குள்ளிருந்து நோக்கியது. பிற்கால மரபு முதற்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நிலமானியச் சமுதாயம் வலுப்பெற்று, புலவன் அரண்மனையையும் கோயிலையும் சார்ந்தவனாக மாறியபோது, பசியாகிய காரணம் உதிர்ந்துபோய், நுண்மையாகிய விளைவு மாத்திரம் இலட்சணமாக நிலைத்தது. கருத்துநிலை தொழிற்படும் முறைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தமிழில் காண்பதரிது.

மெலிவு எக்காலத்தும் அழகாகவே கருதப்பட்டது என்ற முடிவுக்கும் வந்துவிடலாகாது. திருக்குறளின் உறுப்புநலனழிதல் என்னும் 124ஆம் அதிகாரத்தில், தோள் மெலிந்து வளை கழலுதல் நலத்தின் அழிவாகவே காட்டப்படுகின்றது. பணைத்த தோள் அழகு, அது மெலிதல் துயரின் அடையாளம். இடைக்கு ஒரு நியாயம், தோளுக்கு வேறொரு நியாயம். மெலிவே அழகு என்ற ஒற்றைச் சூத்திரம் நமது செவ்விலக்கியத்திற்கு உரியதன்று.

காரைக்காலம்மையார் இவ்விடயத்தில் தனியே நோக்கப்பட வேண்டியவர். கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகியபோது, அவன்பொருட்டுச் சுமந்த தசையை உதறிப் பேயுருவம் வேண்டினார் என 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அக்கதையைக் கூறுகின்றார். பொலனறுவையிலே கிடைத்த அம்மையாரின் வெண்கலப் படிமத்தில் எலும்பும் நரம்பும் துருத்திநிற்பதைக் காணலாம். மத்தியகால ஐரோப்பாவில் உணவைத் துறந்த பெண் துறவியரைப் பற்றி கரோலின் வோக்கர் பைனம் 1987இல் எழுதிய ஆய்வின் வழிநின்று அம்மையாரையும் நோன்பிருந்து மெலிந்தவராகக் கொள்ளும் ஆசை எழக்கூடும். அது பொருந்தாது. அம்மையார் பட்டினி கிடக்கவில்லை. பெண்ணுடல் என்பது ஓர் ஆடவனின் நுகர்வுக்காகச் சுமக்கப்படும் சுமை என்பதைக் கண்டு அதனைக் கழற்றி வைத்தார். இன்றைய மெலிவு நாட்டமோ நோக்கப்படுவதற்காகவே மெலிய முற்படுவது. இரண்டினதும் வெளித்தோற்றம் ஒத்திருக்கலாம், திசைகள் நேரெதிரானவை.

மட்டக்களப்பின் வாழ்முறைக்கு வருவோம். குடிவழி தாய்வழியாகக் கணிக்கப்படுவதும், வீடுவளவு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வதும், மணமகன் மனைவி வீட்டுக்கு வருவதும் இப்பிரதேசத்தின் அறியப்பட்ட பண்புகள். இவற்றைக்கொண்டு இங்கே பெண் முற்றும் சுதந்திரமுடையவள் என்று சிலர் மகிழ்வதுண்டு. வீடு அவள் பெயரில் இருந்தது. தீர்மானம் பெரும்பாலும் தாய்மாமனதும் அண்ணன்மாரதும் வாயில் இருந்தது. எனினும் ஒன்றை மறுக்கவியலாது: இப்பிரதேசத்தின் சடங்குகள் பெண்ணுடலை ஊட்டி வளர்க்க வேண்டிய ஒன்றாகவே கருதின. பருவமடைந்த பெண்ணுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்து இடுப்பெலும்புக்கு உரமேற்றினர். பிள்ளைபெற்றவளுக்கு மிளகு, மல்லி, சீரகம், உள்ளி சேர்ந்த சரக்குக் கறி ஆக்கப்பட்டது. சூடு, குளிர், கிரந்தி என உணவு பகுக்கப்பட்டு, எவருக்கு எந்த வேளையில் எந்த மீன் ஆகும், எது ஆகாது என்பது முதுபெண்டிரின் அறிவாக இருந்தது.

இதற்குப் பத்தியம் என்று பெயர். இன்று டயட் என்று கூறப்படுவதைப் பத்தியம் என்று மொழிபெயர்ப்போர் உளர். இரண்டும் உணவுக் கட்டுப்பாடே. ஆயினும் பத்தியம் ஒரு முடிவுடையது. நோயோ பேறோ தீர்ந்ததும் அதுவும் தீரும். அதனைக் காப்பவளுக்காக மற்றொருத்தி சமைக்கின்றாள், வீடு முழுவதும் அதற்கு இசைந்து நடக்கின்றது. அதன் குறிக்கோள் குன்றிய உடலை மீளக் கட்டுவது. டயட்டுக்கு முடிவில்லை. அதனை மேற்கொள்பவள் பிறருக்குச் சோறும் கறியும் ஆக்கிவைத்துவிட்டுத் தான் ஒதுங்கியிருந்து வேறொன்றை உண்கின்றாள். பத்தியம் காக்கும் பெண்ணுக்குக் குற்றவுணர்வு இல்லை. டயட்டைக் கைவிட்ட பெண்ணுக்கு அதுவே மிச்சம். மொழியும் இதற்கேற்ப மாறியுள்ளது. மெலிஞ்சு போனாய் என்று ஊரிலே சொன்னால் முன்னர் அது இரக்கம். அடுத்த வாக்கியம் சாப்பிட்டுவிட்டுப் போ என்பதாக இருக்கும். இன்று அதே சொற்கள் எழுவான்கரை வீடுகளில் பாராட்டாக வழங்குகின்றன.

பழைய முறையைப் பொற்காலமாக்குவது எமது நோக்கமன்று. பருவமடைந்தவளை ஊட்டியதும் அவளுடைய கருப்பையை முன்னிட்டே. பிள்ளைபெறும் கருவியாக உடல் பேணப்பட்டது. இன்று காட்சிப் பண்டமாகப் பேணப்படுகின்றது. பன்னிரண்டு வயதில் களி ஊட்டிய அதே கைகள், இருபத்திரண்டு வயதில், மாப்பிள்ளை வீட்டார் வருமுன் கொஞ்சம் குறை என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைக்கின்றன. இவ்விரு கட்டளைகளுக்கும் இடையில் அகப்பட்டவளின் போராட்டம் பாசாங்கன்று.

மெலிவை ஒரு முறைமையாகவும் சந்தைப் பண்டமாகவும் ஆக்கியது முதலாளித்துவமே. இதற்கு ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்து நோக்கலாம். 1863இல் இலண்டனில், அரச குடும்பத்தினரின் ஈமக்கிரியைகளை நடத்திவந்த வில்லியம் பாண்டிங் என்பவர் தாம் உடல் மெலிந்த வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். அவருடைய பெயரே ஆங்கிலத்தில் உணவைக் குறைப்பதற்கு வினைச்சொல்லாகும் அளவுக்கு அது பரவியது. அதே 1863இல், அதே இலண்டனில், மேரி ஆன் வோக்லி என்ற 20 வயது ஆடைதைக்கும் பெண், வேல்ஸ் இளவரசியின் பொருட்டு நிகழ்ந்த நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடைகளைத் தைப்பதற்காக இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது உழைத்து இறந்தாள். மார்க்ஸ் மூலதனத்தின் முதற்றொகுதியிலே, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் அவளைப் பெயர் சுட்டிப் பேசுகின்றார். ஒருபுறம் உபரியை உண்டு பருத்தவர் மெலிவதற்கு நூல் எழுதுகின்றார். மறுபுறம் சீமாட்டியரின் உடலழகுக்காக ஒரு தொழிலாளியின் உடல் அழிகின்றது. டயட் என்பதன் பிறப்புச் சான்றிதழில் இரண்டு செய்திகளும் ஒருங்கே எழுதப்பட வேண்டும்.

எமது நாட்டில் இவ்வரலாறு வேறு வழியில் வந்தது. 1973இல் அரசாங்கம் திரிபோஷ என்னும் போசாக்குணவை கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் வழங்கத் தொடங்கியது. தராசு அப்போது பற்றாக்குறையைக் கண்டறியும் கருவி. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை மாவும் சீனியும் ஏழை வீட்டின் காலையுணவையும் இரவுணவையும் கைப்பற்றின. யுத்த காலத்து இடம்பெயர்வும் நிவாரண அரிசியும் மாவும் இதனை விரைவுபடுத்தின. படுவான்கரை வயல்களில் அறுவடை இயந்திரம் நுழைந்தபின் அரிவு வெட்டும் தூற்றலும் பெண்களின் கையை விட்டு நழுவின. உழைப்பின் வடிவம் மாறியது, உணவின் வடிவமும் மாறியது. உடல் மாத்திரம் மாறாதிருக்குமா? நீரிழிவும் இரத்த அழுத்தமும் இன்று பணக்கார நோய்களல்ல. மலிவான மாச்சத்து வறியவனுடைய உடலிலும் கொழுப்பாகவே தங்குகின்றது. 2022இன் நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்தில், உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியபோது, மீனையும் முட்டையையும் கைவிட்டு மாவையும் சீனித் தேநீரையும் பற்றிக்கொண்ட குடும்பங்களிடம் போய் உணவைக் கட்டுப்படுத்துங்கள் என்று உபதேசிப்பது எத்தகைய அறிவீனம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்திலே எமது முற்போக்கு இலக்கியத்தின் ஒரு வாய்பாட்டையும் விசாரிக்க வேண்டும். மெலிந்த உடல் உழைப்பாளி, தொந்தி வயிறு முதலாளி அல்லது போடியார்: எத்தனை சிறுகதைகளில், எத்தனை சஞ்சிகை அட்டைப்படங்களில் இதனைக் கண்டிருக்கின்றோம்! உபரியை ஒருவன் உண்ண மற்றொருவன் பட்டினி கிடந்த காலத்தில் அவ்வாய்பாட்டுக்கு யதார்த்த அடிப்படை இருந்தது. ஆயின் அது வர்க்க உறவைச் சித்திரிப்பதற்குப் பதிலாகச் சதையைச் சித்திரித்தது. சுரண்டலை ஓர் உடலமைப்பாகக் குறுக்கியது. பியர் பூர்தியு 1979இல் பிரெஞ்சுச் சமுதாயத்தை ஆராய்ந்து, வர்க்க இரசனையானது உணவுத் தெரிவினூடாக உடலிலேயே பதிகின்றது என்று காட்டினார். மெலிந்த உடல் இன்று நேரமும் பணமும் உள்ளவனின் அடையாளமாகி வருகின்றது. மட்டக்களப்பு நகரில் உடற்பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் செலுத்தும் உத்தியோகத்தன் மெலிவான். மாப்பண்டத்தில் காலந்தள்ளும் கூலிப்பெண் பருப்பாள். அவளை நமது பழைய வாய்பாட்டில் எங்கே வைப்பது? தொந்தியைக் கேலிசெய்து எழுதும் பேனா இன்று தன்னையறியாமலே அவளையும் குத்துகின்றது.

பெண்களின் எழுத்து இவ்வாய்பாட்டுக்கு வெளியே வந்தது. 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெண்கள் ஆய்வு வட்டத்தினர் சித்திரலேகா மௌனகுருவைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட சொல்லாத சேதிகள் இதில் ஒரு திருப்பம். அத்தொகுப்பில் அ. சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’ என்ற கவிதை, முகமும் இதயமும் மறுக்கப்பட்டு உறுப்புகளாக மாத்திரம் காணப்படும் பெண்ணைப் பேசவைக்கின்றது. அவ்வுறுப்புப் பட்டியலில் சிறிய இடையும் உண்டு. கேசாதிபாத வருணனையை, வருணிக்கப்பட்டவளே திருப்பிப் படித்த தருணம் அது. மரபு விமரிசனமாக அதனைக் கொள்ளும் ஆய்வு இன்னும் போதியளவு நிகழவில்லை. பின்னர் தமிழகத்தில் குட்டி ரேவதியின் முலைகள் 2002இல் வெளிவந்து பெருஞ் சர்ச்சையைக் கிளப்பியது. சாய்ந்தமருதைச் சேர்ந்த அனார், மாதவிடாயின் குருதியையும் யுத்தத்தின் குருதியையும் ஒரே நோக்கில் இணைத்தார். இவையெல்லாம் முக்கியமானவை. எனினும் வேட்கையையும் குருதியையும் வன்முறையையும் பேசத் துணிந்த இக்கவிதை மரபு, வயிற்றையும் எடையையும் சோற்றுக் கோப்பையின் முன் நிகழும் அன்றாடப் பேரத்தையும் மிக அருகியே தொட்டுள்ளது. காரணம் ஊகிக்கக்கூடியதே. வேட்கையில் ஒரு கம்பீரம் உண்டு. பருத்த இடுப்பைப் பற்றி எழுத முற்படுபவள் நகைச்சுவைத் துணுக்குகளாலும் சினிமாவின் பரிகாசத்தாலும் ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட நிலத்தில் நிற்க வேண்டியவளாகின்றாள்.

இனி, உடலை உள்ளவாறு ஏற்றுக்கொள் என்ற கோஷம். இதன் தோற்றம் மதிக்கத்தக்கது. பெண்ணின் பருமனைப் பெண்ணொடுக்குமுறையோடு இணைத்து சூசி ஓர்பாக் 1978இல் எழுதியபோது அது போராட்டக் குரல். அதற்கு நேர்ந்தது என்ன? யூனிலீவர் நிறுவனம் 2004இல் டவ் சவர்க்காரத்துக்கான விளம்பரத்தில் எல்லா உடல்களும் அழகே என்று அறிவித்தது. அதே நிறுவனம் 2000 முதல் 2014 வரை சிலிம்ஃபாஸ்ட் என்ற மெலிவுப் பானத்தின் உடைமையாளர். அதே நிறுவனத்தின் இந்தியக் கிளைதான் 1975 முதல் ஃபெயர் அண்ட் லவ்லி பசையை விற்றது. 2020இல் பெயரை மாத்திரம் மாற்றிக்கொண்டது. ஏற்றுக்கொள் என்பதும், குறை என்பதும், வெளுத்துக்கொள் என்பதும் ஒரே கணக்கேட்டின் மூன்று பத்திகள். ஆகவே, டயட்டை முதலாளித்துவத்தின் சதியென்றும் ஏற்பை விடுதலையென்றும் பிரிப்பது அவசர முடிவு.

மறுபுறம், எடை பற்றிய அக்கறை முழுவதும் கற்பிதமானது என்ற வாதமும் தாழ்ந்த தரத்ததே. உடற்றிணிவுச் சுட்டி 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெற்லே வகுத்த விகிதத்திலிருந்து வந்தது. அவர் தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அல்ல. 1972இல் அன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஆசிய மக்களுக்கு 25இற்குப் பதிலாக 23 என்ற எல்லையிலேயே கவனம் தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவொன்று 2004இல் கூறியது. அளவுகோல் மனிதர் வகுத்ததே, எல்லைக்கோடு நகரக்கூடியதே. ஆனால் நீரிழிவால் கால் இழந்த மீனவனின் புண் கருத்துநிலையன்று. நோயைப் பேசும் மருத்துவனின் வாயிலும் அழகைப் பேசும் தரகனின் வாயிலும் ஒரே தராசு ஒரே எண்ணைச் சொல்கின்றது. விமரிசகனின் வேலை அந்த எண்ணை மறுப்பதன்று. அது எந்த வாயிலிருந்து எதற்காக வருகின்றது என்று பிரித்துக் காட்டுவது.

இப்பிரிப்புக்கு உதவும் சான்றொன்று எமது கூத்துக் களரியிலேயே உண்டு. மட்டக்களப்புக் கூத்துகளில் வழிவழியாகப் பெண்பாத்திரங்களை ஆடவரே ஆடிவந்தனர். அண்ணாவியார் மத்தளம் கொட்ட, பிற்பாட்டுக்காரர் நாயகியின் நுண்ணிடையைப் பாட, களரியில் நின்றவன் பகலெல்லாம் வயலிலோ தோணியிலோ உழைத்த உழவன் அல்லது மீனவன். அவனுடைய தடித்த தோளையும் உருண்ட இடுப்பையும் சபையினர் நன்கறிவர். எவரும் நகைக்கவில்லை, விடியும்வரை இருந்து கண்டனர். சிற்றிடை என்பது பாட்டுக்குரிய வழக்கு, ஆடுவோனின் உடலுக்கு விதிக்கப்பட்ட கட்டளையன்று என்பது அச்சபைக்குத் தெரிந்திருந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்த பின்னர், நேரம் சுருங்கியது, பார்வையும் ஒருமுகப்பட்டது, தோற்றத்தின் நம்பகத்தன்மை கேட்கப்படலாயிற்று. பரதநாட்டியத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. பாலசரஸ்வதியின் பிற்காலப் பருத்த உடலிலிருந்து பிறந்த அபிநயத்தை உலகம் வியந்தது; இன்று எமது நடன ஆசிரியைகள் சிலர் மாணவியரின் இடுப்பளவை நோக்கிய பின்னரே அரமண்டியை நோக்குகின்றனர்.

பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பெண்கள் கூத்தாடுதல் இப்போது வழக்கமாகியுள்ளது. வடமோடி அரசர்க்குரிய கரப்புடுப்பையும் கெருடத்தையும் ஒரு மாணவி அணியும்போது அவளுடைய இடை எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. அந்தப் பாரத்தோடு வரவுத்தாளத்துக்கு வட்டமிட்டு, மூச்சு முறியாமல் தருவைப் பாடி முடிக்க முழங்காலில் உரமும் நெஞ்சில் காற்றும் வேண்டும். அண்ணாவியார் கேட்பதும் அவ்விரண்டையுமே.